அத்தையின் மருந்துப் பெட்டியில் ஒரு காளான் புட்டி

பட்டுக்கோட்டைக்கு அருகில் இருக்கும் என் அத்தையின் மருந்துப் பெட்டியில், சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின் மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில், கானோடெர்மா காளான் சாறு அடைத்த கேப்சூல் புட்டி ஒன்றைச் சென்ற மாதம் பார்த்தேன். மூன்று மாதம் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று விற்றவர் சொன்னாராம். அதை நம்பி இரவு மாத்திரையை அத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். எனக்குப் பதறிவிட்டது.

அந்தக் காளானின் இனம் அவருக்குப் புதியதன்று. 1952 புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத் தென்னந்தோப்புகளில் பரவிய தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமே கானோடெர்மாதான். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிந்து, பிறகு வார்னிஷ் பூசியது போன்ற பளபளப்புடன் காளான் தட்டு ஒன்று வெளியே தள்ளும். அத்தை அதைக் கண்டால் வேப்பம் பிண்ணாக்கோடு ஓடுவார். அதே இனத்துக் காளானைத்தான் சீனர்கள் லிங்ஜி என்றும் ஜப்பானியர் ரெய்ஷி என்றும் மருந்தாகப் போற்றி வந்திருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஆய்வுக்கூடத்தில் ஆதாரம் இல்லாமல் இல்லை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா குளூக்கோசிடேஸ் என்ற நொதியைச் சில காளான் சாறுகள் தடுக்கின்றன; அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை செய்யும் வேலையும் அதுவே. இன்சுலினின் சமிக்ஞையை மட்டுப்படுத்தும் ஒரு நொதியைக் கானோடெர்மாவின் கூட்டுச்சர்க்கரைகள் அடக்குவதும், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் சர்க்கரை இறங்குவதும் பதிவாகியிருக்கின்றன.

ஆனால் எலிக்கு இறங்கியது மனிதருக்கும் இறங்க வேண்டுமே. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 84 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் கானோடெர்மாவும், இன்னொரு பிரிவினருக்கு அதனுடன் கார்டிசெப்ஸ் என்ற இன்னொரு பூஞ்சையும், மற்றவர்களுக்கு மருந்தற்ற வெற்றுக் கேப்சூலும் 16 வாரம் கொடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும் மூன்று மாதச் சராசரியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தைவானில் 72 பேருக்கு அகாரிகஸ் பிளேசை என்ற வேறொரு காளானின் சாற்றைக் கொடுத்த 2007 ஆய்வில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலை, குறைந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் மெட்பார்மின், கிளிக்லசைடு ஆகிய நீரிழிவு மாத்திரைகளை நிறுத்தாமல், அவற்றோடு சேர்த்தே சாற்றைச் சாப்பிட்டார்கள். இதைத்தான் அத்தையிடம் இரண்டு முறை சொன்னேன்.

புட்டிக்குள் இருப்பதையும் நம்ப முடிவதில்லை. அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷி தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 5 மட்டுமே உண்மையான ரெய்ஷியாகத் தேறின. சாறு உண்மையாகவே வேலை செய்தாலும் கவலை உண்டு: கிளிமிபிரைடு போன்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்; இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு இரத்தக் கசிவு கூடலாம்.

அத்தை மறுபடியும் இரவு மாத்திரையைப் போடத் தொடங்கிவிட்டார். புட்டியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, விலை அப்படி. வரும் வியாழக்கிழமை மருத்துவரிடம் போகும்போது அதையும் பையில் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.