பாத்டப்புக்கு மேல் எலக்ட்ரிக் ஷவர்

எங்கள் பாத்டப்பில் இரண்டு குழாய்கள் மட்டும்தான் இருந்தன. தலைக்குக் குளிக்க வேண்டுமென்றால் உள்ளே உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி வந்த பிறகு அம்மாவால் கைப்பிடியைப் பிடித்து உள்ளே இறங்கி நிற்க முடிகிறது, ஆனால் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. அவருக்காகத்தான் இந்த வேலையில் இறங்கினேன். குழாய், சுவர் வேலை என்னுடையது. மின் இணைப்பு முழுக்க உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனுடையது. ஈர உடம்போடு நிற்கிற இடம் என்பதால் அதில் நான் கை வைப்பதாக இல்லை.

முதல் வாரம் சுவரைத் தொடவே இல்லை. இந்த ஷவரில் வெந்நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி கிடையாது, ஓடுகிற தண்ணீர் ஓட ஓடவே சூடாக வேண்டும். அதனால் கரண்ட் நிறைய இழுக்கும். நான் பார்த்து வைத்திருந்த 8.5 கிலோவாட் ஷவர் பெட்டி 230 வோல்ட்டில் சுமார் 37 ஆம்பியர் எடுக்கும். பக்கத்தில் இருக்கிற பிளக் லைனில் சேர்த்துவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். எலக்ட்ரீஷியன் ஒயர் போகும் வழியை அளந்து பார்த்துவிட்டு 10 சதுர மில்லிமீட்டர் ஒயர், 40 ஆம்பியர் பிரேக்கர், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிடி என்று எழுதிக் கொடுத்தார். 10.5 கிலோவாட் போடலாமா என்று கேட்டேன். “அடுப்பும் கரண்ட்லதானே ஓடுது, மெயின் ஃபியூஸ் தாங்காதுங்க” என்றார். சரி, 8.5 போதும்.

வாங்குவதற்கு முன் இன்னொரு கணக்கும் போட்டேன். 15 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றினால், 8.5 கிலோவாட்டில் நிமிடத்துக்கு 5 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். அருவி மாதிரி கொட்டாது. சொம்பில் குளித்தவருக்கு அதுவே தாராளம். நிமிடத்துக்குக் குறைந்தது 8 லிட்டர் வரத்து வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து வைத்தேன். 10 லிட்டர் வாளி 52 நொடியில் நிறைந்தது.

இடம் குறித்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமான நாள். பாத்டப் காய்ந்திருக்கும்போது அம்மாவை உள்ளே நிற்கச் சொன்னேன். வலது கையைச் சிரமமில்லாமல் எவ்வளவு தூக்க முடிகிறதோ அந்த உயரத்தில் டைல்ஸ் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். நான் மனதில் வைத்திருந்த இடத்தைவிட ஒரு சாண் கீழே வந்தது! பட்டன் அங்கேதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. இன்னொன்று: ஷவர் தலை ஏறி இறங்கும் கம்பி பிடித்து நிற்பதற்கானது அல்ல. வழுக்கும்போது கை தானாக அதைத்தான் தேடும். அதனால் அதற்குப் பக்கத்திலேயே கனமான கைப்பிடி ஒன்றைத் தனியாகப் பொருத்தினேன்.

துளை போடும் முன் சுவருக்குள் ஒயரோ குழாயோ ஓடுகிறதா என்று டிடெக்டர் வைத்துப் பார்த்தேன். டைல்ஸ் தாண்டும் வரை சுத்தியல் மோடு வேண்டாம். மாஸ்கிங் டேப் மேல் பிட்டை வைத்து, மெதுவாகச் சுற்றவிட்டேன். வெள்ளைத் தூள் சிவப்பாக மாறியதும் செங்கல் வந்துவிட்டது என்று தெரிந்தது. ஒரு டைல்ஸும் விரியவில்லை.

மூன்றாவது வாரம் குழாய். குளிர்நீர் லைனில் 15 மில்லிமீட்டர் டீ (கிளை பிரிக்கும் T வடிவ இணைப்பு) போட்டு, ஷவருக்கென்று தனியாக ஒரு அடைப்பு வால்வும் வைத்தேன். பெட்டியில் மாட்டும் முன் குழாய் வாயை வாளிக்குள் விட்டுத் தண்ணீரைத் திறந்தபோது செம்புத் துருவல் மினுமினுத்துக்கொண்டு அடியில் தங்கியது. அது உள்ளே போயிருந்தால் ஃபில்டரை அடைத்திருக்கும். எல்லாம் இறுக்கிய பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் டீயின் கீழ்ப்பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஈரம். கண்ணால் பார்த்தபோது சொட்டே தெரியவில்லை. நட்டைக் கால் சுற்று இறுக்கிப் புதுக் காகிதம் சுற்றினேன். காலையிலும் காய்ந்தே இருந்தது.

அப்புறம் எலக்ட்ரீஷியன் வந்தார். கூரையில் கயிறு இழுக்கும் ஸ்விட்ச் வைத்தார், இழுத்தால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் துண்டிக்கும். எர்த்தையும் ஆர்சிடியையும் மீட்டர் வைத்துச் சோதித்துத் தாளில் குறித்துக் கொடுத்தார்.

முதல் ஓட்டத்தில் அவசரமே கூடாது. கரண்டை நிறுத்தி வைத்து, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் ஹோஸில் தண்ணீர் சீராக வரும் வரை விட்டோம். உள்ளே தண்ணீர் நிறையாமல் கரண்ட் பாய்ந்தால் சூடாக்கும் எலிமென்ட் எரிந்துவிடும். தண்ணீர் சீரான பிறகுதான் எலக்ட்ரீஷியன் கயிற்றை மறுபடி இழுத்துக் கரண்ட் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஹோஸ் கைக்கு இதமாகச் சுட்டது. அந்தக் கணம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தொட்டி விளிம்பில் பழைய சிலிகானைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டுதான் பூச வேண்டும், பாரத்தில் தொட்டி கொஞ்சம் இறங்கி இடைவெளி விரியும். காய்ந்த பிறகுதான் தண்ணீரை வெளியேற்றினேன். ஹோஸைத் தொட்டி நீருக்குள் தொங்க விடாமல் பிடிக்கும் வளையத்தையும் மாட்டியாயிற்று. அழுக்குத் தண்ணீர் குடிநீர் லைனுக்குள் திரும்பிப் போகக் கூடாதல்லவா! பெட்டியைச் சுற்றி மட்டும் சிலிகான் பூசவில்லை. உள்ளே கசிந்தால் வெளியே தெரிந்தாக வேண்டும்.

அம்மாவுக்கு இதமான சூடு எங்கே என்று பார்த்து டயலில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். இந்த டயல் தண்ணீரின் வேகத்தைக் குறைத்துத்தான் சூட்டைக் கூட்டுகிறது. குளிர்காலத்தில் 10 டிகிரியில் தண்ணீர் வந்தால் வரத்து நிமிடத்துக்கு 4 லிட்டர் பக்கம் இறங்கிவிடும். அப்போது பக்கத்தில் நீலத்தில் இன்னொரு புள்ளி வைக்க வேண்டும்.