மலேசியா, சுங்கை சிப்புட் பட்டறை நாட்குறிப்பு: எம்ஜிபியின் ஹீட்டர் பெட்டி

4 மார்ச் 2023, சனி

பழைய சாயத்தை உரிக்கும் வேலை என்ஜின் அறையின் பின்சுவரை எட்டிவிட்டதால், ஹீட்டரை இனியும் தள்ளிப்போட வழியில்லை. 1962-இல் அறிமுகமாகி 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்ஜிபி (MGB) காரைப் பற்றி, அதைப் பிரித்துப் பார்த்தவர்களிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு: முதலில் ஹீட்டரை நிறுத்தி வைத்து, அதைச் சுற்றித்தான் காரையே கட்டினார்களாம். என்னிடம் இருப்பது 1968-ஆம் ஆண்டு ரோட்ஸ்டர், அதாவது துணிக்கூரை வைத்த திறந்த கார். பானெட்டைத் திறந்து பார்க்கிறவருக்கு ஹீட்டர் ஒரு சாதுவான தகரப்பெட்டியாகவே தெரியும். பின்சுவர் மேடையின் நடுவில் உட்கார்ந்திருக்கும். முகப்பில் ஒரு விசிறி மோட்டாரும், பக்கத்தில் இரண்டு தண்ணீர்க் குழாய்களும் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பெட்டியின் கீழ்ப்பகுதி, மேடையில் வெட்டியிருக்கும் ஓட்டை வழியாகக் காருக்குள் இறங்கி டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருக்கிறது. தொல்லை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியில்தான்.

இன்று ரேடியேட்டரின் கீழ்க்குழாயைக் கழற்றித் தண்ணீரை வடித்தேன். செம்மண் குழம்பாக வந்ததைப் பார்த்தபோது ஹீட்டருக்குள் என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. ஹீட்டரின் ரப்பர் குழாய்கள் இரண்டையும் இழுக்காமல், நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து எடுத்தேன். உள்ளே, என்ஜினின் சூடான தண்ணீர் ஓடும் சின்ன ரேடியேட்டரின் காதுகள் ஈயம் வைத்துப் பற்றவைத்த மெல்லிய குழாய்கள். முறுக்கி இழுத்தால் ரப்பர் வருவதற்கு முன்னால் அவை கிழிந்துவிடும். புதுக் குழாய் எப்படியும் வாங்கத்தான் போகிறோம், பழையதன் மேல் கருணை காட்டுவதில் பொருளில்லை. சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில் இருக்கும் ஹீட்டர் குழாய்த்திருகியின் கம்பியையும் கழற்றியாயிற்று. திருகி மட்டும் அசையவில்லை. என்ஜின் வெளியே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

5 மார்ச், ஞாயிறு

பெட்டியின் விளிம்பை மேடையோடு பிடித்திருக்கும் திருகுகளுக்கே இன்றைய நாள் சரியாகப் போயிற்று. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த போசிடிரைவ் தலைகள் இவை. கூட்டல் குறியின் கைகளுக்கு இடையில் நான்கு மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது போசிடிரைவ் என்று அறியலாம். வன்பொருள் கடையில் கேட்டால் உடனே எடுத்துத் தருவது சாதாரணக் கூட்டல்குறி முனையுள்ள பிலிப்ஸ் திருப்புளியைத்தான். அதை வைத்து அழுத்தினால் முனை ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சரியான முனையை வைத்து, அதன் பின்புறம் சுத்தியலால் ஓங்காமல் தட்டி, துரு எண்ணெய் விட்டு, காத்திருந்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பிய பிறகே கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். இந்த வரிசையை மீறாமல் செய்தால் பெரும்பாலான திருகுகள் முனகிக்கொண்டே வந்துவிடுகின்றன.

வலது ஓரத்தில் பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள் இருக்கும் பெடல் பெட்டி இடிக்கிறது. இடது பக்கத்தில், இடப்பக்க ஓட்டுநருக்காகக் கட்டிய கார்களில் அதே பெட்டி வர வேண்டிய இடத்தில், ஒரு மூடுதகடு மட்டும் இருப்பதால் கை தாராளமாகப் போகிறது. பின்வரிசைத் திருகுகள் கண்ணுக்கே தெரியவில்லை. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துத்தான் தேட வேண்டியிருந்தது. யாரோ முன்பு ஒருமுறை தூரிகையால் அடித்த கறுப்புச் சாயம் ஒரு திருகின் தலையை முழுவதுமாக மூடியிருந்தது. கொக்கி ஊசியால் அந்தக் கீறல்களிலிருந்து சாயத்தைச் சுரண்டி எடுக்காமல் திருப்புளியை வைத்திருந்தால், துளை போட்டு எடுக்கும் நிலை வந்திருக்கும்.

எல்லாத் திருகுகளும் வெளியே வந்த பிறகும் பெட்டி இம்மியும் அசையவில்லை. தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர், நான் கடப்பாரை பக்கம் திரும்பியதைப் பார்த்ததும், "மாப்ளே, இழுக்காதே. எது புடிச்சிருக்குன்னு மொதல்ல பாரு" என்றார். அத்துடன் இன்றைய வேலை முடிந்தது.

8 மார்ச், புதன்

மாலையில் நல்ல மழை, பட்டறையில் வேலை எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வெயிலில் ஹீட்டர் எதற்கு, எடுத்து வீசிவிட்டு ஓட்டைக்குத் தகடு அடித்துவிடலாமே என்றார். பலர் அப்படிச் செய்கிறார்கள் என்பதும் உண்மைதான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மழையில் ரோட்ஸ்டரின் துணிக்கூரையை மூடிக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி பூத்துவிடும். நம் ஊர் மழையில் வைப்பர் வெளியே எவ்வளவு ஆடினாலும், உள்ளே கையால் துடைத்துத் துடைத்து ஓட்டுவது ஆபத்து. இந்தக் காரில் குளிர்சாதனம் கிடையாது. கண்ணாடிக்குச் சூடான காற்றை அனுப்ப இந்தப் பெட்டி ஒன்றுதான் உண்டு. மேலும், இதன் டாஷ்போர்டில் முகத்துக்கு நேராகக் காற்றுத்துளைகள் இல்லை. வெளிக்காற்று கால்மாட்டுக்கு வருவதும் இந்தப் பெட்டி வழியாகத்தான். குழாய்த்திருகியை மூடி வைத்தால் வருவது சூடேறாத காற்று. கேமரன் மலைக்கு ஏறும்போது என்ஜின் சூடானால், ஹீட்டரைத் திறந்து விசிறியைப் போட்டு ஓரளவு வெப்பத்தை இறக்குவதும் பழைய ஓட்டுநர்களுக்குத் தெரிந்த வழி. ஆகவே பெட்டி திரும்பவும் அதே இடத்துக்குப் போகும்.

11 மார்ச், சனி

மாமா சொன்னபடி உள்பக்கம் போய்ப் பார்த்தேன். நடுக் கன்சோலையும் ரேடியோ வைக்கும் பலகையையும் கழற்றி, தரையில் மல்லாந்து படுத்துத் தலையை டாஷ்போர்டுக்குக் கீழே நுழைத்த பிறகுதான் பெட்டியின் பிடிமானங்கள் தெரிந்தன. முன்கண்ணாடிக்குக் காற்றுக் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் பெட்டியின் பக்கவாட்டில் செருகியிருக்கின்றன. இவை இருக்கும்வரை, மேலே எத்தனை திருகுகளைக் கழற்றினாலும் பெட்டி எழும்பாது. ஐம்பது ஆண்டுகளில் அவை இறுகி விறைத்துப் போயிருந்தன. கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, இளகிய பிறகு மெல்லச் சுழற்றியபோது இடது குழாய் முழுதாக வந்தது. வலது குழாயின் வாய் பிளந்துவிட்டது. புதியது கிடைக்கிற பொருள்தான்.

அடுத்தது காற்றுத்தட்டை அசைக்கும் கம்பி. டாஷ்போர்டின் குமிழிலிருந்து வரும் அந்தக் கம்பி பெட்டியின் நெம்புகோலில், கம்பியைத் திருகால் இறுக்கிப் பிடிக்கும் ஒரு சின்ன முடுக்கில் கடித்துக்கொண்டிருக்கிறது. முடுக்கின் திருகைத் தளர்த்தி, கம்பியின் உறையைப் பிடித்திருந்த கவ்வியையும் விடுவித்தேன். கம்பி எந்தத் துளையில், எந்தப் பக்கம் வளைந்து நுழைகிறது என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். குமிழ் ஒரு திசையைக் காட்ட, காற்று வேறு திசையில் போகும் எம்ஜிபிகளின் கதை பெரும்பாலும் இந்த முடுக்கில்தான் தொடங்குகிறது.

12 மார்ச், ஞாயிறு

இனிப் பிடித்திருப்பது விளிம்புக்கு அடியிலுள்ள பஞ்சுப்பட்டை மட்டுமே. தொழிற்சாலையில் வைத்த பட்டை வெப்பத்தில் உருகி, இறுகி, தகரத்தையும் மேடையையும் பசையாக ஒட்டிவைத்திருந்தது. கடப்பாரையால் நெம்பினால் பெட்டியின் விளிம்பு மடங்கும், மேடையும் நசுங்கும். கார்க் கண்ணாடி மாற்றுகிறவர்கள் கம்பியால் பசையை அறுப்பதைப் பார்த்திருப்பதால், தடித்த மீன்பிடி நரம்பு ஒன்றை எடுத்து, முன்மூலையில் விளிம்புக்கு அடியில் மெல்லிய தகட்டுக் கத்தியால் வழி செய்து நுழைத்தேன். ஒரு முனையை மாமாவும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு, மரம் அறுப்பதுபோல மாறி மாறி இழுத்தோம். நரம்பு சூடாகி அறுந்தபோதெல்லாம் புதியதை மாற்றினோம். பின்விளிம்பை எட்டியதும் 'சளக்' என்று ஒரு ஓசை கேட்டது. முன்பக்கத்தை முதலில் தூக்கி, பெட்டியை முன்னும் பின்னும் ஆட்டி, மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தோம்.

பெட்டிக்குப் பின்னால், முன்கண்ணாடிக்கு முன்னிருக்கும் சல்லடை வழியாக வெளிக்காற்று இறங்கும் அறை இருக்கிறது. அதன் அடியிலிருந்து ஒரு ரப்பர் வடிகுழாய் கியர்பாக்ஸ் மேட்டின் பக்கமாக இறங்கி மழைநீரை வெளியேற்ற வேண்டும். இந்தக் கார் பல காலம் ஒரு தோட்டத்துப் பங்களாவில், பால்மரங்களுக்கு (ரப்பர் மரங்களுக்கு) பக்கத்தில் நின்றிருந்தது. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் பால்மரம் இலை உதிர்க்கும். அந்த இலைகள் சல்லடை வழியாக இறங்கிப் படிந்து படிந்து, வடிகுழாயின் வாயில் அழுத்தமான கறுப்புக் கட்டியாக உறைந்துபோயிருந்தன. கட்டியைப் பிய்த்தபோது உள்ளே ஒரு இலையின் நரம்புகள் மட்டும் வலையாக, சதை முழுவதும் மக்கிப்போன நிலையில், அப்படியே இருந்தன. அதற்கு மேல் ஒரு குளவி மண்கூடு. நீர் போக வழியில்லாமல் நின்று, அறையின் அடித்தகட்டை அரித்துவிட்டது. திருப்புளி முனையால் அழுத்தினால் உள்ளே போகிறது. பயணி பக்கக் கம்பளம் எப்போதும் ஈரமாக இருந்ததற்கு ஹீட்டர் ஒழுகுகிறது என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள்.

18 மார்ச், சனி

பெட்டியின் முன்தகட்டைப் பிடித்திருக்கும் சுருள் கவ்விகளைத் திருப்புளியால் நெம்பியதும் தகடு வந்தது, சின்ன ரேடியேட்டரும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மோட்டாரை நேராக 12 வோல்ட் மின்கலத்தில் இணைத்துப் பார்த்ததில் சற்றுத் தயங்கிச் சுற்றியது. சுழலும் தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் சத்தம் குறைந்தது. அதை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

ரேடியேட்டரை ஈப்போவில் ஒரு பழைய கடைக்குக் கொண்டுபோனேன். கடை முதலாளியான தவுக்கே இரண்டு காதுகளில் ஒன்றை அடைத்து, மற்றதில் காற்றுக் கொடுத்துத் தொட்டியில் அமிழ்த்தினார். கம்பளத்தின் பக்கம் இருக்கும் ஓரத்தில் ஒரு குமிழியும் இல்லை. மேல்மூட்டில் மட்டும் மணிமணியாக வந்தது. மூட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் சேற்றைக் கழுவி, மறுபடி பற்றவைத்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை கிடைக்கும். அதற்குள் அறையின் அடித்தகட்டை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, வடிகுழாய்க்கு வாய் அமைத்துவிட வேண்டும். மாமா தகடு வளைக்கத் தொடங்கிவிட்டார்.