கிணற்றடியில் பதினெட்டு செக்கன்

பேய்ப்படம் எடுக்கும் இளம் குழுக்கள் பெரும்பாலும் பேயின் ஒப்பனையில்தான் முதலில் கைவைக்கின்றன. வெள்ளை லென்ஸ், விரித்த விக், முகத்துக்கு மா என்று அரைநாள் அதிலேயே போய்விடும். படத்தொகுப்பு மேசைக்கு வந்ததும் முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பேய்தான். இரண்டு செக்கனுக்கு மேல் அது நின்றால், பார்க்கிறவர் பயத்தை விட்டுவிட்டு விக் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவார். 1975இல் வந்த ‘ஜோஸ்’ படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் அடிக்கடி பழுதானது. அதனால் இயக்குநர் ஸ்பீல்பேர்க் சுறாவை ஒளித்து, தண்ணீரில் இழுபடும் மஞ்சள் பீப்பாய்களைக் காட்டினார். பீப்பாய்க்கு ஒப்பனை தேவையில்லை.

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கத்து வளவொன்றை எடுத்துக்கொள்வோம். மைம்மல் பொழுது. ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறாள், பின்னால் குசினிக் கதவு திறந்து கிடக்கிறது. அவள் திரும்பும்போது உருவம் பாய்ந்தால் பார்க்கிறவர் ஒருதரம் துள்ளுவார், அவ்வளவுதான். அவள் கிணற்றடிக்கு வருமுன்பே ஈரக் காலடிகள் கிணற்றுக்கட்டிலிருந்து குசினிக்குள் போவதை நாலு செக்கன் காட்டிவிட்டால் கதை மாறிவிடும். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை முன்கூட்டியே சொன்னால் பதினைந்து நிமிடப் பதற்றம், சொல்லாமல் வெடித்தால் பதினைந்து செக்கன் அதிர்ச்சி என்று இயக்குநர் ஹிட்ச்கொக் போட்ட கணக்கு இதுதான்.

காலடிகளைக் காட்டியபிறகு அவசரப்படக் கூடாது. கயிறு இழுக்கும் கை ஐந்து செக்கன். வாளியிலிருந்து குடத்துக்கு ஊற்றுவது நாலு. பிறகு அவளைச் சட்டத்தின் இடது ஓரத்துக்குத் தள்ளி, வலது பக்கம் முழுவதையும் இருண்ட கதவுக்கு விட்டு ஒன்பது செக்கன். கதவில் எதுவும் வராது, வரவும் கூடாது. வெறும் இடத்தைப் பார்க்கிறவரே நிரப்பிக்கொள்வார். இந்தப் பதினெட்டு செக்கனும் நடிகை பயப்படவே கூடாது. ‘பயந்தமாதிரிப் பாருங்கோ’ என்று சொன்னால் காட்சி அந்த இடத்திலேயே படுத்துவிடும். அவளுக்கு ஒரு வேலையைக் கொடுங்கள்: குடம் நிரம்ப எத்தனை வாளி என்று மனதுக்குள் எண்ணட்டும்.

1942இல் வந்த ‘கற் பீப்பிள்’ (Cat People) படத்தில் இரவுத் தெருவில் தனியே நடக்கும் பெண்ணைத் தொடர்ந்து, உறுமல் எதிர்பார்க்கும் கணத்தில் பஸ் ஒன்று சீறிக்கொண்டு வந்து நிற்கும். தயாரிப்பாளர் வால் லூற்றனின் பெயரால் அந்த உத்தியை இன்றும் ‘லூற்றன் பஸ்’ என்கிறார்கள். நம் கிணற்றடியில் அந்த பஸ்ஸின் வேலையை மதிலிலிருந்து குதிக்கும் பூனை செய்யலாம். ஆனால் ஒருதரம்தான். பத்து நிமிடப் படத்தில் மூன்று பூனை குதித்தால் நாலாவதற்குச் சிரிப்புத்தான் வரும். பூனைக்குப் பிறகு மூச்சு விட இரண்டு மூன்று செக்கன் கொடுத்து, அந்த மூச்சு முடியுமுன் உண்மையான அடியைப் போட வேண்டும். இசை அதற்கு முன்பே ஏறத் தொடங்கினால் எல்லோரும் காதைப் பொத்தத் தயாராகிவிடுவார்கள்.

திருகோணமலையில் ஒலிப்பதிவு செய்கிறவருக்குக் கடல் ஒரு தலையிடி. ஒரு ஷொட்டில் அலை பெரிதாகவும் அடுத்ததில் சிறிதாகவும் இருந்தால் வெட்டிய இடம் ஒவ்வொன்றும் காதில் இடிக்கும். நடிப்பு முடிந்ததும் எல்லோரையும் வாய்மூடி நிற்கவைத்து, அந்த இடத்தின் ஓசையை மட்டும் ஒரு நிமிடம் பதிவுசெய்து, தொகுக்கும்போது காட்சி முழுவதற்கும் அடியில் விரித்துவிட வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மைக்குக்கு ரோமக் கவசம் இல்லாமல் வெளியே போவதே வீண். அதே கடல் பெரிய உதவியும் செய்யும். இங்கே வாழ்கிறவர் காதுக்குக் கடல் கேட்பதேயில்லை, நின்றால்தான் கேட்கும். கதவைக் காட்டும் ஒன்பது செக்கனில் அலையோசையை மெல்ல மெல்ல இறக்கி இல்லாமலாக்கினால், என்ன குறைந்தது என்று தெரியாமலே உடம்பு விறைக்கும். எதிர்த்திசை உத்தியான கடல் இரைச்சலைத் திடீரென உயர்த்தி உலுக்குவதை இந்தக் கரையில் செய்வதற்கு மனம் ஒப்பாது. 2004 மார்கழிச் சுனாமியைக் கண்டவர்களும் பார்வையாளர்களில் இருப்பார்கள்.

வெளிச்சத்துக்கு அதிக நேரம் கிடையாது. பொழுது பட்டபின் நீலம் நிற்பது இருபது நிமிடமளவுதான், அதற்குள் ஐந்து ஷொட் எடுப்பதே பெரிய காரியம். கிழக்குக் கரையான டச் பே பக்கத்து வானம் முந்தி இருளும். உவர்மலையிலிருந்து உள்துறைமுகத்தைப் பார்த்தால் தண்ணீரில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் தங்கும், அகன்ற ஷொட்டை அங்கே கடைசியில் வைக்கலாம். தொகுத்தபின் பகலில், கைத்தொலைபேசியில், திரை வெளிச்சத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். ஈரக் காலடி தெரியாவிட்டால் கதையே இல்லை.

கதைப்போக்குக்கு அம்மம்மாவை நினைத்தால் போதும். கதை கேட்கிற பிள்ளை ‘உம்’ கொட்டுவதை நிறுத்தினால் அவர் உடனே ஒரு சிக்கலைக் கொண்டுவருவார். காட்சிகளை எழுதிவைத்து இடையில் ‘ஆனால்’ அல்லது ‘ஆனபடியால்’ போட்டுப் பாருங்கள். ‘பிறகு’ மட்டும்தான் பொருந்துகிறது என்றால் ‘உம்’ அங்கேதான் நிற்கும். கோணேசர் கோயிலடிப் பாறைப் பிளவான ‘இராவணன் வெட்டை’ மேலிருந்து சுற்றிவரும் ட்ரோன் ஷொட் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். அழகுதான், ஆனால் இருபது செக்கனுக்கு எவருக்கும் எதுவும் நடக்கவில்லை.

பேய் யார், ஏன் வந்தது என்று கடைசியில் ஒரு பாத்திரம் உட்கார்ந்து விளக்கும் காட்சியை எடுத்திருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். வாளி பழைய கொக்கியில் தொங்குவதை நாலு செக்கன் காட்டலாம். வாளியிலிருந்து தண்ணீர் சொட்டட்டும். திரை கறுத்தபிறகு இசையைப் போடாமல், அதுவரை நின்றிருந்த கடலோசையை மட்டும் மெல்லத் திருப்பிக் கொண்டுவந்து பெயர்களை ஓடவிடலாம்.