கடற்கரை ஊரில் ஒரு பழைய ஸ்பிளெண்டர்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு உள்ளவர்களுக்கு வண்டியின் முதல் எதிரி உப்புக்காற்று. என் மாமா 2009-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் என் கைக்கு வந்தபோது எஞ்சினில் குறையொன்றும் இல்லை. ஆனால் முன் மட்கார்டின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. நான் ஓட்டப் பழகிய வண்டி என்பதால் அதை என் விருப்பப்படி மாற்றி அமைக்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. அதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்தது எட்டாயிரம் ரூபாய்.

முதல் செலவே தவறாகப் போனது. கடையில் பார்த்த தாழ்வான ஹேண்டில்பார் ஒன்றை 1,400 ரூபாய் கொடுத்து வாங்கிப் பூட்டினேன். புதுச்சேரிக்குப் போகும் வழியில் கன்னியக்கோயிலைத் தாண்டுவதற்குள் இரண்டு மணிக்கட்டும் மரத்துப்போயின. இந்த வண்டியின் சீட்டும் கால்மிதியும் நிமிர்ந்து உட்காருவதற்காக அமைந்தவை. கைப்பிடியை மட்டும் தாழ்த்தினால் மேலுடம்பின் எடை கைகளின் மேல்தான் இறங்கும். கிளட்ச் கேபிளும் மடிந்து இறுகிவிட்டது. இரண்டே வாரத்தில் பழைய ஹேண்டில்பாரைத் திரும்ப மாட்டினேன்.

அதன் பிறகுதான் எதைக் கழற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்று நிதானமாக யோசித்தேன். எங்கள் பகுதிப் பிள்ளைகள் வண்டி கைக்கு வந்ததும் முதலில் கழற்றுவது செயின் கவரையும் சாரி கார்டையும்தான். சில்வர் பீச் மணலில் நாள்தோறும் ஓடும் வண்டிக்குச் செயின் கவர் இல்லையென்றால், ஆயில் பூசிய செயினில் மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாளைப் போல, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைத் தேய்த்துவிடும். சாரி கார்டு இன்னும் முக்கியம். பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி சொல்கிறது. பாடலீசுவரர் கோயிலுக்கு அம்மா என் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துதான் வருகிறார். மாமா வீட்டுப் பரணில் கிடந்த சாரி கார்டைத் தேடி எடுத்து மாட்டியதுதான் நான் செய்த வேலைகளிலேயே மிகச் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன்; அதற்குக் காசும் ஆகவில்லை.

துரு வேலையை வீட்டு வாசலிலேயே செய்தேன். மட்கார்டைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாளாலும் பிறகு 220 நம்பராலும் வெள்ளி போலப் பளபளக்கும்வரை தேய்த்தேன். இருட்டிவிட்டதால் பிரைமரைக் காலையில் அடித்துக்கொள்ளலாம் என்று திண்ணையில் வைத்துவிட்டேன். விடிந்து பார்த்தால், தேய்த்த இடமெல்லாம் மஞ்சள் பூசியதுபோல மெல்லிய துரு படர்ந்திருந்தது. கடலோரத்தில் வெற்று இரும்பு ஒரு இரவுகூடத் தாங்காது. மறுபடியும் தேய்த்து, தின்னரால் துடைத்து, ஈரம் போனதும் ரெட் ஆக்சைடு பிரைமரை அரைமணி நேரத்துக்குள் அடித்தேன். அதன்மேல் இரண்டு கோட் கறுப்பு எனாமல். எல்லாம் சேர்த்து 600 ரூபாய்தான் ஆனது.

ஹெட்லைட்டில் அதிக வாட் பல்பு போடச் சொன்னவர்கள் பலர். இந்தப் பழைய மாடலில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை; எஞ்சின் சுழற்சியில் உண்டாகும் மின்சாரத்தில் நேரடியாக எரிகிறது. அந்த மின்சாரத்துக்கு ஒரு அளவு உண்டு என்பதால் பெரிய பல்பு போட்டும் பயனில்லை. மங்கிப்போன ரிஃப்ளெக்டரை மாற்றி, அதே 35 வாட் பல்பைப் புதிதாகப் போட்டேன். 450 ரூபாயில் ரெட்டிச்சாவடிச் சாலையின் பள்ளங்கள் இரவிலும் கண்ணுக்குத் தெரிகின்றன. பின்டயரை ட்யூபோடு 1,900 ரூபாய்க்கு மாற்றினேன், பழைய 2.75-18 அளவிலேயே. அகலமான டயர் செயின் கவரில் உரசும், 97.2 சி.சி. எஞ்சினுக்கு அந்தச் சுமையும் வேண்டாம். சீட்டுக்குப் புது ஸ்பாஞ்சும் கவரும் 1,100 ரூபாய்.

சைலன்சரைத் தொடவே இல்லை. பதினைந்து ஆண்டு நிறைந்து 2024-இல் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டியபோது எந்தக் கேள்வியும் வராததற்கு அதுவும் ஒரு காரணம். வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

மீதி 2,550 ரூபாய் பெட்ரோல் டேங்குக்குப் பெயிண்ட் அடிக்க இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள அதே கறுப்புதான். பக்கவாட்டில் மட்டும் மாமா வாங்கியபோது இருந்ததைப் போன்ற சிவப்புக் கோடு. மழைக்காற்றில் பெயிண்ட் சரியாகக் காயாது, தை பிறக்கட்டும் என்று மஞ்சக்குப்பத்துப் பெயிண்டர் சொல்லியிருக்கிறார்.