ஒரு காட்சியைச் சொல்லுங்கள்

மதுரையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து படம் பார்க்கிறவர்கள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், வங்கியில் பணிபுரியும் நண்பர், என் தங்கை, அவளுடைய கல்லூரித் தோழி, பிறகு நான். படம் முடிந்ததும் திரையரங்குக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடையில் நின்று பேசிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். வெகுகாலம் அந்தப் பேச்சு ‘நன்றாக இருந்தது’, ‘இழுவை’, ‘முதல் பாதி பரவாயில்லை’ என்ற மூன்று நான்கு சொற்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதை மாற்றியவர் ஆசிரியர். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரு காட்சியை முழுதாகச் சொல்லி, அதை வைத்துத்தான் பேச வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டது, 2024 ஆகஸ்ட் 23 அன்று ‘கொட்டுக்காளி’யும் ‘வாழை’யும் ஒரே நாளில் வெளிவந்தபோதுதான்.

‘கொட்டுக்காளி’யை முதலில் பார்த்தோம். அதன் இயக்குநர் பி. எஸ். வினோத்ராஜ் தம்முடைய முதல் படமான ‘கூழாங்கல்’லுக்கு 2021இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான புலி விருது பெற்றவர் என்பதால் எனக்கு எதிர்பார்ப்பு அதிகம் இருந்தது. சூரி நடித்த படம் என்று நம்பி வந்திருந்த குடும்பங்களுக்கு வேறு எதிர்பார்ப்பு இருந்தது. படம் முடிந்து விளக்கு போட்டபோது பின்வரிசையில் ஒருவர் “அவ்வளவுதானா?” என்று கேட்டார். அதில் ஏளனம் இல்லை, உண்மையான திகைப்பு இருந்தது. எங்கள் வங்கி நண்பரும் அதே திகைப்போடுதான் வெளியே வந்தார். ஓர் ஆட்டோவும் சில வண்டிகளும் போய்க்கொண்டே இருக்கின்றன, பின்னணி இசை கிடையாது, கதாநாயகி வாயைத் திறப்பதில்லை, முடிவும் சொல்லவில்லை என்று அவர் வரிசையாக அடுக்கினார். அவர் சொன்னவற்றில் எதுவும் பொய்யில்லை.

வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, அவளைப் பூசாரியிடம் அழைத்துச் செல்கிறது குடும்பம். அவளை மணக்க இருக்கும் முறைமாமன் பாண்டி, தொண்டை கட்டிப்போய்ச் சுண்ணாம்பு தடவிய கழுத்தோடு வருகிறான். காலில் கயிறு கட்டப்பட்ட சேவலும் கூடவே வருகிறது. கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் ஆசிரியர் போட்ட விதிப்படி ஒரு காட்சியைச் சொல்ல வேண்டிய முறை எனக்கு வந்தபோது, ஆட்டோவைத் திருப்பும் இடத்தைச் சொன்னேன். குறுகிய வழியில் வண்டியைத் திருப்ப முடியாமல் ஆண்கள் நாலாபுறமும் பிடித்து அதை அப்படியே தூக்கித் திருப்புகிறார்கள். உள்ளே மீனா உட்கார்ந்திருக்கிறாள். இறங்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் இறங்கவில்லை. தூக்குகிறவர்களுக்கு அவள் ஒரு சுமை, அவ்வளவே. அவளுடைய வாழ்க்கையை அவளைக் கேட்காமல் எப்படித் திருப்புகிறார்கள் என்பதை ஒரு வசனமும் இல்லாமல், தெருவில் நாம் தினமும் பார்க்கக்கூடிய ஒரு செயலைக் கொண்டே இயக்குநர் காட்டிவிடுகிறார் என்று நினைக்கிறேன்.

அதற்கு என் தங்கை இன்னொரு காட்சியைச் சேர்த்தாள். வழியில் ஒலிபெருக்கியில் கேட்கும் பழைய பாட்டு ஒன்றுக்கு மீனாவின் உதடுகள் மெல்ல அசைகின்றன. அதைப் பார்த்துவிட்ட பாண்டிக்கு வெறி வந்துவிடுகிறது. மீனாவை மட்டுமல்லாமல் தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறான். படம் முழுதும் இசை இல்லாமல் வண்டிச் சத்தமும் காற்றும் பறவைக் குரலும் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்ததால்தான், ஊர்ப் பாட்டு ஒன்று காதில் விழுந்ததும் நமக்கே மனம் இளகுகிறது, அந்த இளக்கத்தின் மேல்தான் அடி விழுகிறது என்று அவள் சொன்னாள். நான் அதை அப்படி யோசித்ததே இல்லை. பின்னணி இசை இல்லாததைக் கலைப்படங்களின் வழக்கமான சிக்கனம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அடியின் வலி அந்த மௌனத்திலிருந்து வந்தது என்பதை அவள் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, வழியை மறித்து நின்ற காளையின் முன் ஆண்களெல்லாம் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து அதை ஓட்டிக்கொண்டு போனாளே, அந்த இடம் தமக்குப் பிடித்திருந்தது என்றார். படம் பிடிக்கவில்லை என்பதில் அவர் இன்றுவரை உறுதியாக இருக்கிறார். எனக்கு அதில் வருத்தம் இல்லை, அவர் அந்தச் சிறுமியைப் பார்த்திருக்கிறார்.

‘வாழை’யைப் பற்றி நாங்கள் அதிகம் வாதாடவில்லை. மாரி செல்வராஜ் தம் சிறுவயதில் கண்டதையும் பட்டதையும் வைத்து எடுத்த படம் அது. பள்ளி விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய சிறுவன் சிவனணைந்தானைச் சுற்றி நடக்கிறது. ஆசிரியர் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமப் பள்ளியில். திங்கட்கிழமை காலையில் சில பையன்கள் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்றும், காரணம் கேட்டால் கீழே விழுந்துவிட்டதாகச் சொல்வார்கள் என்றும், தாமும் அதை நம்பிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. பசி தாங்காமல் வீடு வந்த பையன், ஊரே சாவு விழுந்து அழுதுகொண்டிருக்கும் நேரத்தில், சோற்றுப் பானையைத் தேடிப் போகும் அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த கருத்துகளை அன்று சொல்லாமலே விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் 27ஆம் தேதி வெளியான ‘மெய்யழகன்’தான் எங்களை நீண்ட நாள் பேச வைத்தது. சி. பிரேம்குமாரின் படம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி (அரவிந்த்சாமி), பல ஆண்டுகள் கழித்துத் தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ‘அத்தான், அத்தான்’ என்று உருகி உபசரிக்கும் ஒருவனின் (கார்த்தி) பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அரவிந்த்சாமி மணமேடையில் தங்கைக்குத் தம் கையாலேயே நகைகளை அணிவிக்கும் காட்சியில் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து. நெருங்கிய உறவைப் பிரிந்து வாழ்கிற எவரும் அந்த இடத்தைக் கண் கலங்காமல் கடக்க முடியாது. ஆனால் இரவில் அருள்மொழியும் அவனும் பேசிக்கொண்டே இருக்கும் பகுதியைப் பற்றி எனக்கும் வங்கி நண்பருக்கும் பெரிய விவாதமே நடந்தது. பேச்சு அளவாக, இதமாக இருந்தது என்றேன் நான். அதிகமாகப் பேசினார்கள், ஆனாலும் அதுதான் படத்தின் உயிர் என்றார் அவர். இருவரும் காட்சி காட்சியாகச் சொல்லிக்கொண்டு போனபோது, அவர் சொன்ன சிலவற்றை நான் பார்க்கவே இல்லை என்பது தெரியவந்தது.

காரணம் எளிது. அவர் முதல் நாளே பார்த்துவிட்டார். படம் நீளம் என்ற புகார் எழுந்ததால், வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள். வேலை காரணமாக நான் போனது அதற்குப் பிறகுதான். நீளம் என்று சொன்னவர்களும் மனதில் பட்டதைத்தான் சொன்னார்கள். இருந்தாலும், எந்த இடம் நீளம், ஏன் நீளம் என்று யாரும் நிதானமாகச் சொல்வதற்குள், ‘இழுவை’ என்ற ஒற்றைச் சொல் ஊரெல்லாம் பரவிக் கத்திரியாக மாறியது எனக்கு வேதனையாக இருக்கிறது. இருவர் விடிய விடியப் பேசுவதைப் பற்றிய படத்தில் பேச்சைக் குறைத்தால் எஞ்சுவது வேறு படம்.

அன்று தேநீர்க் கடையைச் சாத்தும் வரை, விடுபட்ட பகுதிகளை நண்பர் எனக்காகப் பொறுமையாகச் சொன்னார். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எந்தச் சொல்லில் கார்த்தியின் குரல் தாழ்ந்தது, அரவிந்த்சாமி எப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதுவரை அவருக்கு நினைவிருந்தது. ‘கொட்டுக்காளி’யில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்ன அதே மனிதர்தான். அந்த நிமிடங்களை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, அவர் சொல்லக் கேட்டதோடு சரி.