நீல உஷப்தி: ஃபையான்ஸ் செய்து பார்த்த குறிப்புகள்

குவார்ட்ஸ் மணல் தூளோடு சோடாவும் செம்பும் கலந்து சுடும் பண்டம்தான் ஃபையான்ஸ். எகிப்தியக் கல்லறைகளில் கிடைக்கும், அதில் செய்த உஷப்தி பொம்மைகளின் நீலப் பளபளப்பு பெரும்பாலும் மேலே பூசியதல்ல. கலவைக்குள் இருக்கும் சோடா உப்பு, உலரும்போது ஈரத்தோடு மேலேறி வெள்ளையாகப் பூக்கிறது. சூளையில் அந்தப் பூப்பு மணலோடும் செம்போடும் சேர்ந்து உருகி கண்ணாடியாகிறது. பொம்மை நன்றாக வருமா வராதா என்பது சூளைக்குப் போகும் முன்பே, உலர்த்தும் பலகையிலேயே தெரிந்துவிடும்.

மறுவுலகில் வயலை உழு, வாய்க்காலுக்கு நீர் பாய்ச்சு, மணல் சும என்று இறந்தவருக்கு அழைப்பு வந்தால், ‘இதோ இருக்கிறேன்’ என்று அவருக்குப் பதிலாக எழுந்து போகவேண்டிய ஆள்தான் உஷப்தி. அரசனுக்கும் இந்த ஊழியத்திலிருந்து விலக்கு கிடையாது. துட்டன்காமன் கல்லறையில் 413 உஷப்திகள்: நாளுக்கு ஒருவராக 365 வேலையாட்கள், 36 கண்காணிகள், மாதத்துக்கு ஒருவராக 12 மேற்பார்வையாளர்கள். அவற்றில் மரத்திலும் கல்லிலும் செய்தவையும் உண்டு. நீலத்துக்கு மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டியவை எகிப்தின் லக்சர் அருகே தேர் எல்-பஹ்ரியில் கிடைத்த, 21ஆம் வம்சத்துப் பொம்மைகள். ஆழ்ந்த நீலம், அதன்மேல் கறுப்பு எழுத்து.

இப்போது நிலைத்திருக்கும் கலவை, 500 கிராம் உலர்பொடிக்கு: 200 மெஷ் சல்லடையில் சலித்த நுண் குவார்ட்ஸ் தூள் 430, சமையல் சோடா 20, சோடா ஆஷ் (நீரற்ற சோடியம் கார்பனேட்) 15, கால்சியம் கார்பனேட் 15, காப்பர் கார்பனேட் 10, பெண்டோனைட் (ஒட்டும் நுண்களிமண்) 10. பழைய எகிப்தியர் சோடாவுக்கு வாடி நாட்ருன் பள்ளத்தாக்கின் நாட்ரான் உப்பையோ செடிச் சாம்பலையோ சேர்த்தார்கள். பெண்டோனைட் நம் வசதிக்கு, உருப்பிடிக்க மட்டும். அதைக் கூட்டக் கூட்டப் பிசைவது எளிதாகும், நீலம் மங்கும்.

சோடா ஆஷுக்குப் பதில் கற்கண்டு வடிவில் விற்கும் சலவைச் சோடாவைப் போட்டால் கணக்கு தவறும். அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 15 கிராமுக்கு ஈடாக ஏறத்தாழ 40 கிராம் வேண்டும். ஆற்று மணலை அரைத்துப் போடுவதும் சரிவராது. அதிலுள்ள இரும்பு நீலத்தைப் பச்சைக்கு இழுத்துவிடும்.

காப்பர் கார்பனேட் கிடைக்காவிட்டால் மயில் துத்தத்திலிருந்து (காப்பர் சல்பேட்) எடுக்கலாம். 25 கிராம் துத்தத்தைத் தனியாகவும் 12 கிராம் சோடா ஆஷைத் தனியாகவும் தண்ணீரில் கரைத்து, மெல்ல ஒன்றில் ஒன்றை ஊற்ற வேண்டும். நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரம் தேவை. அடியில் படியும் நீலப்பச்சை வண்டலை நான்கைந்து தண்ணீரில் அலசிக் காயவைத்தால் 10 கிராமுக்குக் குறையாமல் தேறும். அலசுவதில் சோம்பல் கூடாது. மிஞ்சிய சல்பேட் எளிதில் கண்ணாடியோடு கலக்காமல் மேலே வெள்ளைத் திட்டாக நிற்கும். துத்தத்தை நேராகக் கலவையில் போட்டாலும் இதே கதைதான்.

பொடிகளை உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துவிட்டுத் தண்ணீர் சேர்ப்பது நல்லது. 100 மில்லி குளிர்ந்த நீரில் சமையல் சோடா 10 கிராம்கூடக் கரையாது என்பதால், முன்னதாகக் கரைத்து வைக்கும் யோசனை பலிக்காது. தண்ணீர் 90 முதல் 110 மில்லி, கரண்டி கரண்டியாக. பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிரும் புட்டு மாவுப் பதத்தைத் தாண்டி, இன்னும் இரண்டு கரண்டி போனதும் நிறுத்திக்கொள்ளலாம். இது களிமண் அல்ல. அழுத்தினால் இளகி ஓடும், வளைத்தால் வெடிக்கும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும், ஆகவே என்95 முகக்கவசம் கட்டாயம். மேசையை ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், பெருக்கக் கூடாது. சோடா தோலை அரிக்கும், கையுறை வேண்டும்.

அச்சுக்கு எகிப்தியர் வைத்திருந்தது ஒரு பக்கம் திறந்த சுட்ட மண் அச்சு. 1891–92இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் பழைய தலைநகரான அமர்னாவில் தோண்டியபோது மணி, பதக்கம், மோதிரம் செய்யும் இத்தகைய அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பாரிஸ் சாந்து அச்சு வேண்டாம். அது உப்பு நீரை உறிஞ்சிவிடும். முகம் மட்டும் சொரசொரப்பாக நிற்கும். மண் அச்சும் உறிஞ்சும் என்பதால் அழுத்திய சில நிமிடங்களில் வெளியே எடுத்துவிட வேண்டும். 8 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன் வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் தடித்தால் உள்ளே ஈரம் தங்கிச் சுடும்போது பிளக்கும். குறுக்கே மடித்த கைகளையும் மண்வெட்டிகளையும் அச்சில் 2 மி.மீ. ஆழம் வெட்டினால்தான், உருகும் கண்ணாடி அவற்றை நிரப்பி மூடிவிடாது.

கறுப்பு எழுத்தை அச்சிலிருந்து எடுத்த கையோடு, உப்பு பூக்கும் முன்பே எழுத வேண்டும். மாங்கனீசு டை ஆக்சைடோடு அதே கலவைப் பொடியைச் சம அளவு சேர்த்துக் குழைத்த மை போதும். பூத்த பிறகு தூரிகை பட்டால் அந்த இடம் வழுக்கை.

உலர்த்துவதற்கு ஆணி முனைகள் மேல் நிறுத்துவது, தரையில் படுக்க வைப்பதை விட எவ்வளவோ மேல். காற்று படும் இடத்தில்தான் உப்பு பூக்கும். பலகையில் ஒட்டிய முதுகு வெறுமையாகவே இருக்கும். பழைய பொம்மைகள் சிலவற்றில் தாங்கி வைத்த தடமும், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த பளபளப்பும் இருப்பதைப் பார்த்துத்தான் அவை இந்த முறையில் செய்தவை என்று ஆய்வாளர்கள் கண்டறிகிறார்கள். நிழலில், மெல்லிய காற்றில் இரண்டு மூன்று நாள் போதும். நேர் வெயிலில் வைத்தால் உப்பு மூக்கிலும் விளிம்பிலும் குவிந்து மார்பு வெளிறும். மழைக்காலத்தில் பூப்பு ஈரம் இழுத்துக் கசியும், அப்போது வேலையைத் தள்ளிப்போடலாம். விரல் பட்ட தடம் சுட்ட பிறகும் தெரியும்.

மின்சூளையில் 200 டிகிரி வரை மணிக்கு 80 டிகிரி, பிறகு மணிக்கு 150, 940 டிகிரியில் 20 நிமிடம் நிறுத்தம். 880இல் நிறுத்தியவை வெளிறி, நகத்தால் கீறினால் மணல் உதிர்ந்தது. 1000ஐத் தாண்டினால் பாதம் வழிந்து தட்டில் ஒட்டும். தட்டுக்கு அலுமினாப் பொடி தூவ வேண்டும். புகை கூடாது. காற்றுக் குறைந்த சூளையில் செம்பு சிவப்பும் பழுப்புமாக மாறும். செம்பை 5 சதவீதத்துக்கு ஏற்றினால் நீலம் ஆழமாகாது, கருகிய உலோகப் பளபளப்புதான் வரும். எந்த வண்ணம் வந்தாலும் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு இந்தக் கலவை உதவாது.

சிறு மணிகளுக்கு வேறொரு வழியைத் தொடங்கியாகிவிட்டது. ஈரானின் கோம் நகரில், கழுதைகளுக்குக் கட்டும் நீல மணிகளை 1960களிலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். மணியில் சோடாவோ செம்போ சேர்ப்பதில்லை. சுண்ணாம்பு, சாம்பல், மணல், கரி, செம்பு கலந்த பொடிக்குள் அதைப் புதைத்து ஏறத்தாழ 1000 டிகிரியில் சுடுவார்கள். சுற்றியுள்ள பொடியிலிருந்தே கண்ணாடி மணிமேல் படிகிறது, தாங்கித் தடமும் இல்லை. ஆறியபின் பொடி பொலபொலவென்று உதிர வேண்டும். கட்டியாக இறுகி மணியோடு ஒட்டிக்கொண்டால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்.