சிற்பப் படக் கேள்வியா? முதலில் நிழலைப் பாருங்கள்

கலை வரலாற்றுத் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, நல்ல மதிப்பெண். மனசு லேசாக இருக்கும்போதே அடுத்து எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதிவிடுகிறேன். பெயர் போடாமல் ஒரு சிற்பத்தின் பழைய புகைப்படத்தை மட்டும் கொடுத்துக் கேட்கிறார்களே, அந்தப் பகுதியைப் பற்றித்தான். மற்றதற்கு வகுப்பு நோட்ஸே போதும்.

படத்தைப் பார்த்ததும் எந்தச் சிலை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். தாடைக்குக் கீழே பாருங்கள். அங்கே விவரம் தெரிந்தால் எங்கிருந்தோ வெளிச்சம் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது புகைப்படக்கலை முன்னோடி டால்பட். 1844இல் வெளிவரத் தொடங்கிய தன் நூலில் கிரேக்கக் கதைகளில் வரும் வீரன் பட்ரோக்ளஸின் மார்பளவுச் சிலையை இரண்டு கோணங்களில் சேர்த்திருக்கிறார். நேர் வெயிலில் நிழல் கடுமையாகிவிடும். மேகமூட்டமான நாளில் எடுக்கலாம், இல்லையென்றால் நிழல் பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து வெயிலைச் சிலைமீது திருப்பலாம் என்கிறார். இந்தத் துணியை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். நான் எழுதிய பாதி விடைகள் இதிலிருந்துதான் தொடங்கின.

அப்புறம் ரோமில் சிற்பங்களைப் படமெடுத்த மாக்பெர்சன். வாடிகன் கூடங்களின் மங்கலான வெளிச்சத்தில் ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆனது. ஈரக் கொலோடியன் தகடு, அதாவது ஈரம் காய்வதற்குள் படமெடுத்துவிட வேண்டிய கண்ணாடித் தகடு, அதுவரை தாங்காது, காய்ந்துவிடும். அதனால்தான் உலர்ந்த கொலோடியன்-ஆல்புமின் தகடு. "ஏன் இந்த முறை" என்று கேட்டால் இந்தக் காரணத்தை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

கட்டாயம் கையில் இருக்க வேண்டியவை:
- ஃபென்டன், பிரிட்டிஷ் மியூசியத்தின் புகைப்படக்காரர், 1854.
- தர்ஸ்டன் தாம்சன், லண்டன் சவுத் கென்சிங்டன் மியூசியத்தின் (இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம்) புகைப்படக்காரர், 1856. கலைக்கல்வி பற்றிய கேள்விக்கு இந்த மியூசியம்தான் உதாரணம். படங்களை மலிவாக விற்றது.
- 1867 பாரிஸ் ஒப்பந்தம், அதை முன்னெடுத்தவர் சவுத் கென்சிங்டன் மியூசிய இயக்குநர் ஹென்றி கோல். பிளாஸ்டர் வார்ப்புகளோடு புகைப்படங்களையும் நாடுகள் பரிமாறிக்கொள்ள வழி செய்தது.
- வோல்ஃப்லின், சிற்பங்களை எப்படிப் படமெடுக்க வேண்டும் என்று எழுதிய கலை வரலாற்றாளர், 1896.

கடைசிப் பெயருக்கு ஒரு வரி போதாது. படமெடுப்பவர் இஷ்டத்துக்குப் பக்கவாட்டில் நின்றால் சிற்பி எண்ணிச் செதுக்கிய வடிவக்கோடு சிதைந்துவிடும், முன்புறப் பார்வையே முதன்மை என்பது அவர் வாதம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஹெலனிஸ்டிக் (அலெக்சாண்டருக்குப் பிந்தைய கிரேக்க) சிற்பங்கள் பலவற்றைச் சுற்றி வந்து பார்த்தால்தான் புரியும். அதையே காரணத்தோடு எழுதினேன், மதிப்பெண் குறையவில்லை. நீங்களும் தைரியமாக மறுத்து எழுதலாம்.

படக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இரண்டு மணி நேரம் எழுதிய பிறகு அந்தப் பழுப்பு அச்சில் நிழலின் ஓரம் கண்ணுக்குப் பிடிபடாது.